சட்டி கழுவுறது யாரு? வில்லேஜ் குக்கிங் சேனலும் ஒரு புரோட்டா பார்சலும்

வில்லேஜ் குக்கிங் சேனலின் ஏதாவது ஒரு வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். அண்டாவில் எது விழுந்தாலும் அதன் பெயரை ஒருவர் உரக்கக் கூவுகிறார். எண்ணெய் என்கிறார், எண்ணெய் விழுகிறது. வெங்காயம் என்கிறார், ஒரு கூடை வெங்காயம் விழுகிறது. எத்தனை ஸ்பூன், எத்தனை நிமிஷம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. சமையல் குறிப்பு தேடி வந்தவர் வெறுங்கையோடுதான் திரும்பணும். ஆனாலும் கோடிக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எப்போது பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலானோர் இதைப் பார்ப்பது ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில். தட்டில் இருப்பது பெரும்பாலும் பார்சல்.

ஒரு கையில் போன், இன்னொரு கையில் சால்னாவில் ஊறிய புரோட்டா. திரையில் முழு ஆடு, தட்டில் ரெண்டு புரோட்டா ஒரு ஆம்லெட். இந்தக் காட்சியைப் பார்த்து நம் தலைமுறையைக் கிண்டல் செய்வது சுலபம். "சமைக்கிறதைப் பார்ப்பான், சமைக்க மாட்டான்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அந்தக் கிண்டலில் ஒரு தப்பான வாசிப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். சேனல் ஒரு பக்கம், பார்சல் எதிர்ப்பக்கம் என்று நாமாகவே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். பாரம்பரியம், மண்சட்டி, அம்மிக்கல், வயக்காடு எல்லாம் இந்தப் பக்கம். கடை, மைதா, சோம்பேறித்தனம் அந்தப் பக்கம். வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தால் கோடு அங்கே இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலம் என்ற கிராமத்திலிருந்து 2018-இல் தொடங்கிய சேனல் இது. தாத்தா பெரியதம்பி, அவருடைய பேரன்கள், சொந்தக்காரர்கள் என்று ஒரு குடும்பத்து ஆண்கள். சேனலை முன்னின்று நடத்தும் சுப்பிரமணியன் வணிகவியலில் எம்.ஃபில். வரை படித்தவர். மற்றவர்கள் விவசாய வேலை பார்த்தவர்கள். 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் என்ற பெயர் கிடைத்தது. அந்தச் சமயத்தில் முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 2022-இல் வந்த 'விக்ரம்' படத்தில் தலைகாட்டினார்கள். இதெல்லாம் செய்திகளில் வந்ததுதான். செய்திகள் ஒரு வரியில் தாண்டிப்போகிற ஒரு தகவல்தான் எனக்கு முக்கியம்: பெரியதம்பி தாத்தா சேனலுக்கு முன்பே விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுத்தவர். கேட்டரிங்காரர்.

இதை மனதில் வைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தால் எல்லாமே வேறு மாதிரி தெரிகிறது. அடுப்பு மூட்டுகிற விதம், நாலு பேர் நாலு வேலையைப் பிரித்துக்கொள்கிற விதம், கரண்டியைக் கோருகோலாகப் பிடிக்கிற பிடி, ஒருவர் சொன்னவுடன் இன்னொருவர் நீட்டுகிற வேகம் எல்லாம் பந்திச் சமையலின் பழக்கம். சாமான் பெயரைக் கூவுவதுகூட அங்கிருந்து வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. புகையிலும் இரைச்சலிலும் "உப்பு!" என்று கத்தினால்தான் உப்பு வரும். தொழில் தேவைக்காக வந்த சத்தம் இங்கே தாளமாக மாறியிருக்கிறது. இந்த சேனலின் ஆகப் பெரிய கலைச் சாதனை என்று நான் சொல்வது இதைத்தான். இசை போட்டு நிரப்பாமல், வேலையின் சத்தத்தையே இசையாக விட்டார்கள். ட்ரோன் ஷாட்டும் சோகப் புல்லாங்குழலும் போட்டு 'கிராமத்து மணம்' காட்டுகிற நூறு வீடியோக்களுக்கு நடுவே இந்த அடக்கம் பெரிய விஷயம்.

ஆனால் அது வீட்டுச் சமையல் இல்லை. ஒருபோதும் வீட்டுச் சமையலாக இருந்ததில்லை. ஆண்கள், வெட்டவெளி, பெரிய நெருப்பு, கூட்டத்துக்கான அளவு, அதற்கு ஒரு வருமானம். இந்த ஐந்தும் சேர்ந்த இன்னொரு இடம் நம் ஊரில் எது? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ கீரனூரிலோ ரோட்டோரம் கல் சூடேறுகிற புரோட்டாக் கடை. மாஸ்டர் மாவை வீசுவதை நாம் நின்று பார்க்கிறோம். கொத்து போடுகிற சத்தத்தில் தாளம் இருக்கிறது. அவரும் பேசுவதில்லை, செய்கிறார். அந்த வகையில் வில்லேஜ் குக்கிங் சேனல் புரோட்டாக் கடைக்கு அண்ணன் தம்பி உறவு. உங்கள் வீட்டு அடுப்படிக்கு அது தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "கிராமம் சமைக்குது, டவுன்காரன் வாங்கித் திங்குறான்" என்பது நமக்குப் பிடித்த கதை. அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு (2022–23) வேறு கதை சொல்கிறது. பானங்கள், பதப்படுத்திய உணவு, கடையில் சமைத்து விற்கும் உணவு ஆகியவை சேர்ந்த பிரிவுக்கு நகர்ப்புற இந்தியா மொத்தச் செலவில் 10.64 சதவீதம் செலவழிக்கிறது. கிராமப்புறம் 9.62 சதவீதம். ஒரு சதவீதம்தான் வித்தியாசம். அதே கிராமப்புறம் தானியத்துக்குச் செலவழிப்பது 4.91 சதவீதம். (ரேஷன் அரிசி இருப்பதால் தானியச் செலவு குறைகிறது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.) ஆக, வயக்காட்டு ஓரத்தில் அண்டா கொதிக்கிற அதே ஊர்களில் ராத்திரி பைக்கில் பார்சல் கவர் ஆடிக்கொண்டு போகிறது. இது வீழ்ச்சி என்று எனக்குப் படவில்லை.

புதுக்கோட்டையில் விருந்து என்பதே வேறொரு கணக்கு. இதை விளக்க மொய் விருந்தைச் சொல்லியாக வேண்டும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், அந்தப் பக்கம் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி வரை ஆடி, ஆவணி மாதங்களில் நடப்பது. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. விருந்துதான் விசேஷம். பத்திரிகை அடிப்பார்கள், ஊருக்கே கறிச்சோறு போடுவார்கள், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். அந்தப் பணத்தில் ஒருத்தர் போர் போடுவார், ஒருத்தர் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவார், ஒருத்தர் பழைய கடனை அடைப்பார். நாலைந்து வருஷத்தில் அவரவர் விருந்துக்குப் போய்த் திருப்பி எழுத வேண்டும், வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து. செலவைக் குறைக்கப் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே விருந்தாக நடத்துவதும் உண்டு. நோட்டில் எழுதிய மொய், பின்னால் கம்ப்யூட்டர் ரசீதுக்கும் பணம் எண்ணும் மெஷினுக்கும் வந்து சேர்ந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது இந்தச் சுழற்சியும் சேர்ந்து அடி வாங்கியது. கொடுக்க வேண்டியவர் கையில் காசு இல்லை, வாங்க வேண்டியவரும் கேட்க முடியவில்லை.

மொய் விருந்தின் கறியை யார் சமைத்தது? கூலிக்கு வந்த சமையல் குழு. ஆடு அடித்தது, அண்டா ஏற்றியது, பந்தி போட்டது எல்லாம் ஆண்கள். வெங்காயம் உரிக்க, பாத்திரம் தேய்க்கப் பெண்களைக் கூப்பிடுவார்கள். அந்தக் கூலி வேறு. இந்த மண்ணில் நாம் 'விருந்து' என்று வாய் நிறையச் சொல்கிற சாப்பாடு, பல காலமாகக் காசு கொடுத்துச் செய்ய வைத்த சாப்பாடுதான். பாரம்பரியம் என்று சேனலுக்குக் கீழே போய்க் கமெண்ட் போடுகிறவர்கள் கும்பிடுவது ஒரு வகையில் கேட்டரிங்கை.

போன வருஷம் அறந்தாங்கிப் பக்கம் அத்தை வீட்டில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. அத்தை மகன் போனில் இந்த சேனல் ஓடிக்கொண்டிருந்தது. என்னைவிட எட்டு வயது சின்னவன். "நாளைக்கு நாமளும் இப்புடி முழுக்கோழி பொறிப்பமாம்மா?" என்று கேட்டான்.

"செய்வம்ப்பா, அதுக்கென்ன" என்றார் அத்தை. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் சொன்னதை ஒரு விமர்சகனாக இன்றுவரை என்னால் தாண்ட முடியவில்லை. "ஆறு மணிக்கே போனாத்தான் நல்ல கோழியா கெடைக்கும், நீயா போவ? தேங்கா ரெண்டு ஒடைக்கணும். கேஸு எப்பத் தீரும்னு தெரியல. அப்பாவுக்குத் தனியா ஒறப்பில்லாம வைக்கணும். எல்லாம் முடிஞ்சு அந்தப் பெரிய சட்டிய யாரு கழுவுறது?" அப்புறம் போனைக் காட்டி, "அவுங்க சட்டியக் கழுவுனத எங்கயாச்சும் போட்டிருக்காய்ங்களா பாரு."

பாருங்கள், ஒரு வீட்டில் நல்ல சாப்பாடு என்று யாராவது ஆசைப்பட்டவுடன் வேலை தொடங்கிவிடுகிறது. அடுப்பு பற்றவைப்பதற்கு முந்தின ராத்திரியே தொடங்குகிறது. என்ன இருக்கு, என்ன இல்லை, யார் சாப்பிடுவார், யாருக்கு ஆகாது, நாளைக்கு மிச்சம் ஆனால் என்ன செய்வது. இந்த யோசனைக்குக் கூலியும் கிடையாது, கேமராவும் கிடையாது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிடுகிறார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிஷம். அந்த 299-க்குள் "நாளைக்கு என்ன வைக்கிறது" என்று படுத்துக்கொண்டே யோசிக்கிற நேரம் இருக்காது. அதைக் கணக்கெடுக்க எந்த அலுவலகத்தாலும் முடியாது.

வில்லேஜ் குக்கிங் சேனலில் இந்த யோசனைக்கு இடமே இல்லை. எந்த வீடியோவும் "என்ன செய்யலாம்?" என்று தொடங்காது. ஆடு வந்துவிட்டது, நெருப்பு மூட்டியாகிவிட்டது. தயக்கம் வெட்டியெறியப்பட்டிருக்கிறது, விலை வெட்டியெறியப்பட்டிருக்கிறது, சட்டி கழுவுதல் வெட்டியெறியப்பட்டிருக்கிறது. எடிட்டிங்கில் எல்லாக் கலையும் எதையாவது வெட்டத்தான் செய்யும், அது குற்றமில்லை. ஆனால் வெட்டப்பட்டது எல்லாமே ஒரே ஆளுடைய வேலையாக இருக்கும்போது நாம் கவனிக்கத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு படத்தைப் பக்கத்தில் வைக்கத் தோன்றுகிறது. ஜியோ பேபி இயக்கிய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படம் 2021 ஜனவரியில் வெளிவந்தது. (2023-இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்துத் தமிழிலும் வந்தது, அது மூலத்தின் நிழல்தான், விட்டுவிடலாம்.) அந்தப் படம் இந்த சேனல் வெட்டிய துண்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்து ஒட்டியது போல இருக்கும். எச்சில் இலையும் மேஜையில் துப்பிய சக்கையும் ஒழுகுகிற ஸிங்க்கும்தான் அதன் கதாபாத்திரங்கள். மாமனாருக்கு அம்மியில் அரைத்த சட்னி வேண்டும், சோறு விறகடுப்பில் வேக வேண்டும். சேனலில் நாம் ரசிக்கிற அதே அம்மி. அதே விறகு. அங்கே ஆண்கள் அரைக்கும்போது அது கலை; இங்கே மருமகள் அரைக்கும்போது அது தண்டனை. அம்மி மாறவில்லை, அரைக்கிற கை மாறியிருக்கிறது. அந்தப் படத்தில் தம்பதி வெளியே போய் ஓட்டலில் சாப்பிடுகிற காட்சி ஒன்று உண்டு. அங்கே கணவன் மேஜையைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறான். அதை அவள் சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்ட, அவன் முகம் மாறிப்போகிறது. கடைச் சாப்பாட்டுக்கு இருக்கிற மரியாதை வீட்டுச் சாப்பாட்டுக்கு இல்லை என்பதை இதைவிடச் சின்னதாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. காசு கொடுத்த இடத்தில் நாம் ஒழுங்காக இருக்கிறோம்.

நம் மொழியில் இதை யாரும் எழுதாமல் இல்லை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988-லேயே தொகுப்பாக வந்துவிட்டது. பெரிய வீடு, நிறைய அறைகள், சமையலறைக்கு மட்டும் மூலை. படிக்காதவர்கள் இந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டுப் போய்ப் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

அதே 2021 ஜனவரியில்தான் ராகுல் காந்தி இந்த சேனலில் வந்தார். தேர்தல் பிரசாரத்துக்குத் தமிழ்நாடு வந்தபோது எடுத்த வீடியோ. காளான் பிரியாணி. அவர் வந்து சேரும்போது முக்கால்வாசி வேலை முடிந்திருக்கிறது. அவர் செய்தது தயிர்ப் பச்சடி. ஒவ்வொரு சாமானையும் தமிழில் சொல்லிக் கலக்கினார், நாடே ரசித்தது. அரசியலாக அந்த வீடியோவைப் பற்றி நிறையப் பேசினார்கள். எனக்கு அதில் தெரிந்தது நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை. பிரியாணி தம்மில் இருக்கும்போது சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்து வெங்காயம் வெட்டித் தயிரில் போட்டுவிட்டு, "இன்னைக்கு நான்தான் சமையல்" என்று சொல்கிற அப்பாக்களை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம். விருந்தாளி பச்சடி கலக்கலாம், தப்பில்லை. வீட்டுக்காரரே விருந்தாளியாக இருப்பதுதான் சிக்கல்.

பார்க்கிறவர்களுக்கு இந்த வீடியோக்கள் என்ன தருகின்றன? இதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. ஆவுடையார்கோயிலில் ஆத்மநாதருக்கு உருவம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். அவருக்குப் படைக்கிற நைவேத்தியம் புழுங்கலரிசிச் சோறு, கீரை, பாகற்காய். சோற்றைச் சுடச்சுடப் படைகல்லில் கொட்டுவார்கள். மேலே எழுகிற ஆவிதான் அவருக்கு. சாமி சோற்றைத் தொடுவதில்லை, ஆவியை எடுத்துக்கொள்கிறார். போனில் சமையல் வீடியோ பார்க்கிற நமக்கும் கிடைப்பது ஆவிதான் என்று ஒரு நண்பர் கேலியாகச் சொன்னார். கேலியை எடுத்துவிட்டுப் பார்த்தால் சரியான வர்ணனை. ஆவி மட்டும் போதும் என்றிருக்க முடிகிற இடம் சாமியுடையது. நெருப்பின் சூடு கிடையாது, எண்ணெய் தெறிக்காது, கழுவ ஒன்றும் இல்லை. வீட்டில் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கிற ஆண்கள் ரொம்ப நாளாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சேனல் அந்த இடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது, பெண்களுக்கும். என் அத்தையும் இந்த சேனலை ரசித்துத்தான் பார்க்கிறார். ஆண்கள் வியர்க்க வியர்க்கச் சமைப்பதை உட்கார்ந்து பார்ப்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

கூட்டத்துக்குச் சமைக்கிற பெண்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இந்த நாற்பது வருஷமும் ஊருக்கு ஊர் அண்டா ஏற்றுவது பெரும்பாலும் பெண்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் மகளிர் சுய உதவிக் குழுவினர். நெருப்பு, கூட்டம், பெரிய அளவு எல்லாம் அங்கேயும் உண்டு. அதை யாரும் கோடி முறை பார்ப்பதில்லை. முட்டையும் சாம்பாரும் 'விருந்து' இல்லை, அதனால் காட்சியாக மாட்டேன் என்கிறது. தெலுங்கில் மஸ்தானம்மா என்ற நூறு வயது தாண்டிய பாட்டி தர்பூசணிக்குள் கோழி சமைத்து உலகப் புகழ் பெற்றார். 2018 டிசம்பரில் இறந்துபோனார். அந்த வீடியோக்களில் அவர் மண்ணில் உட்கார்ந்து இஞ்சியை நகத்தால் சுரண்டுவது இப்போதும் கண்ணில் நிற்கிறது. சீனாவில் லீ ட்ஸிசீ விதைப்பதிலிருந்து பரிமாறுவது வரை தானே ஒற்றை ஆளாகச் செய்வதாகக் காட்டும் வீடியோக்கள் எடுத்தார். அவர் பெயரில் அதிகம் விற்றது என்ன தெரியுமா? கொதிக்க வைத்துச் சாப்பிடுகிற பாக்கெட் நூடுல்ஸ். ஏமாற்று என்று இதைச் சொல்ல மாட்டேன். அவர் வீடியோவைப் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஒருத்திக்குப் பசித்தால் அவளால் செய்ய முடிந்தது அதுதான்.

வாங்குவதா செய்வதா என்ற கேள்வி சட்டத்தையே குழப்பியிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் கர்நாடகத்தில் ஒரு ஜிஎஸ்டி தீர்ப்பு: பாக்கெட்டில் விற்கும் புரோட்டா, ரொட்டி வகையில் சேராது, ஏனென்றால் வீட்டில் திரும்பச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும், எனவே 18 சதவீதம். கல்லில் ரெண்டு நிமிஷம் போட்டு எடுப்பது சமையலா இல்லையா என்று அதிகாரிகள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 2025 செப்டம்பரில்தான் அந்த வரி பூஜ்யமானது. நம் வீடுகளில் இந்த வழக்கு தினமும் நடக்கிறது. "மாவு கடையில வாங்குனதா? அப்ப நீ செஞ்ச இட்லி இல்ல."

ஆனால் கடை பற்றி நான் பேசுவதில் ஒரு இடம் இடிக்கிறது. சேனலின் "எல்லாரும் வாங்க" என்ற அழைப்பையும், கடைக் கல்லுக்கு முன்னால் எல்லோரும் ஒன்று என்பதையும் நான் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம். இது புதுக்கோட்டை மாவட்டம். 2022 டிசம்பர் இறுதியில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே தெரிந்தது. அதை விசாரிக்கப் போன கலெக்டர் பக்கத்து இறையூரில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் பார்த்தார். சோறு வேக முதலில் தண்ணீர் வேண்டும். காசை நீட்டினாலும் எந்தக் கிளாஸில் டீ வரும் என்பது இன்னொருவர் கையில். செய்வதா வாங்குவதா என்று யோசிக்கிற சௌகரியம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை. ஒரு சமையல் சேனல் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பது அநியாயம். சமைத்த சாப்பாட்டை முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், அதில் பழுது சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த அழைப்பைக் கேட்கும்போது "எல்லாரும்" என்ற சொல்லில் என் காது கொஞ்சம் நின்றுதான் போகிறது.

அன்றைக்கு அத்தை வீட்டில் கோழி பொறிக்கவில்லை. மாமா போய்ப் புரோட்டா வாங்கி வந்தார். வாழையிலையும் பேப்பரும் வைத்து நூல் சுற்றிய கட்டு. சால்னா தனியாக ஒரு கவரில். பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரியிலேயே வந்துவிட்டது, சால்னாவுக்கு அது இன்னும் தெரியாது. நான் கவனித்தது வேறு. வழக்கமாக எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் அடுப்படிப் படியில் தட்டோடு உட்காருகிறவர் அத்தை. அன்றைக்குப் பார்சலைப் பிரித்து நடுவில் வைத்ததும் அவரும் எங்களோடு கூடத்தில் உட்கார்ந்தார். சூடான முதல் புரோட்டா அவர் தட்டில் விழுந்தது. சாப்பிட்டு முடித்ததும் இலையைச் சுருட்டி வெளியே போட்டோம். அவ்வளவுதான் பாத்திரம்.

அதே அத்தை அடுத்த மாதம் கோட்டைப்பட்டினத்திலிருந்து நண்டு வாங்கி வரச்சொல்லி, யாரும் கேட்காமலே காலையிலிருந்து நின்று குழம்பு வைத்தார். மிளகும் சோம்பும் அம்மியில்தான் அரைத்தார், மிக்ஸி பக்கத்திலேயே இருந்தது. வியர்த்து ஊற்றியது; முகம் நன்றாக இருந்தது. அன்றைக்கு என்ன சாப்பாடு என்பதை முடிவு செய்தது அவர். சட்டியை அத்தை மகன் கழுவினான், பாதி கரி ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. "வீடியோ எடுக்கவா?" என்று நான் கேட்டதற்கு, "போடா, மொதல்ல அந்தச் சட்டிய இன்னொரு தடவ தேய்க்கச் சொல்லு" என்றார்.